பஞ்சுக்கு முன்னால் படம்

வீட்டுக்குள் குழந்தை விழுந்த சத்தம் கேட்டதும் மனிதர்கள் இரண்டு திசைகளில் ஓடுகிறார்கள். ஒரு கூட்டம் குழந்தையை நோக்கி ஓடும். இன்னொரு கூட்டம் சார்ஜரில் சொருகி வைத்த போனை நோக்கி ஓடும். முதல் கூட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தூக்குவார்கள், ஊதுவார்கள், தரையை நாலு சாத்து சாத்தி "இனிமே பாப்பாவைத் தள்ளிவிடுவியா?" என்று கேட்பார்கள், அதோடு முடிந்தது. இந்தக் கட்டுரை இரண்டாவது கூட்டத்தைப் பற்றியது. காயத்தைத் துடைக்கும் பஞ்சுக்கு முன்னால் படம் எடுக்கிறவர்களைப் பற்றியது.

இவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தையின் காலில் சின்ன முள் ஏறினால்கூட இவர்களுக்குக் கண் கலங்கும். கலங்கிய கண்ணோடு எடுத்தால் படம் சரியாக வராது என்பதால் முதலில் தங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இவர்களுடைய போனை ஒருநாள் வாங்கிப் புரட்டிப் பாருங்கள்: முதல் பல் விழுந்த ஈறு, கதவிடுக்கில் நசுங்கிய விரல், தோல் உரிந்த முட்டி, அதே முட்டி இன்னும் கிட்டத்தில், மூக்குக்குள் போன பட்டாணி, மூக்கைவிட்டு வெளியே வந்த பட்டாணி, பட்டாணி மட்டும் தனியாக. குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிற படம் ஒன்று வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் மட்டும் தேடித் தேடிக் களைத்துப்போவார்கள். சிரிப்புக்கு என்ன அவசரம்? அது நாளைக்கும் இருக்கும். வீக்கம் நாளைக்கு வடிந்துவிடுமே!

இவர்கள் பேசும் மொழியும் தனி. "ஒரு நிமிஷம், அப்படியே இரு." "துடைக்காதே, துடைச்சா தெரியாது." "மூஞ்சிய வெளிச்சத்துப் பக்கம் திருப்பு." இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று உண்டு: "எங்கே, எப்படி விழுந்தே? இன்னொரு தடவை மெதுவா விழுந்து காட்டு." இதைக் கேட்டு இரண்டாம் முறையும் விழுந்த குழந்தைகள் இருக்கிறார்கள். இரண்டாம் முறை பட்ட அடிக்கும் படம் இருக்கிறது.

ஏனய்யா இப்படி என்று கேட்டுப் பாருங்கள். "டாக்டர்கிட்ட காட்ட வேண்டாமா?" என்பார்கள். காட்டுவதற்குத்தான் குழந்தையே இருக்கிறதே என்றால், குழந்தை வளர்க்கத் தெரியாதவரைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்ப்பார்கள்.

இந்த இனத்தின் அசல் மாதிரியாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். குடும்பத்தில் அவருக்கு 'நிருபர்' என்று பெயர். பெயர் வைத்தவன் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பெரியப்பா மாடிப்படியில் கால் வழுக்கி உருண்டு வந்தபோது எல்லோரும் கீழே ஓடி வந்து தாங்கப் பார்க்க, மேலே நின்று ஒரு படியும் விடாமல் பதிவு செய்தவர் இவர். பெரியப்பா அந்தப் படத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை. விழுந்ததைக்கூட மன்னித்துவிட்டார்.

நிருபருக்கு வேலை ஒரு பெரிய கிடங்கில், சேதப் பிரிவில், மேற்பார்வையாளர். கால் ஒடிந்த நாற்காலி, வயிறு அமுங்கிய துணி துவைக்கும் இயந்திரம், அட்டைப் பெட்டிக்குள்ளேயே தூளாகிப்போன கண்ணாடி, இப்படி ஊரெல்லாம் உடைபடுகிற சாமான்கள் அவரிடம்தான் வந்து சேரும். அங்கே சட்டம் ஒன்றுதான். எதையும் யாரும் தொடக் கூடாது. முதலில் நாலு பக்கமும் படம். பிறகு உடைப்புக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துக் கிட்டத்தில் படம். அதன் பிறகே கை வைக்கலாம். அவசரப்பட்டுத் தொட்டுவிட்டால் தீர்ந்தது கதை. வண்டியில் கொண்டுவந்தவன் "நல்லாத்தான் சார் இருந்துச்சு, நீங்க தொட்டதுல ஒடைஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். இப்படி ஒருமுறை பழி சுமந்தவர் நிருபர். அன்றிலிருந்து படம் அவருக்குக் கலை இல்லை, முன்ஜாமீன்.

அவருடைய மனைவி பஸ் ஓட்டுகிறவள். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போனைத் தொட மாட்டாள். கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, கடைசிப் பயணி இறங்கிய பிறகே பைக்குள்ளிருந்து எடுத்துப் பார்ப்பாள். வழக்கமாக இருவரில் ஒருவருக்கு விடுமுறை இருக்கும்படி நாளைப் பிரித்துக்கொண்டு மகளைக் கவனித்துவந்தார்கள்; பள்ளி விடுமுறை நாள் மட்டும் இதுவரை மனைவியின் பங்கு. மகள் ஒன்றாம் வகுப்பு. அன்று பள்ளி விடுமுறை, மனைவிக்கு வேலை, நிருபருக்கு ஓய்வு. முழுநாளும் அப்பாவும் மகளும் மட்டும் வீட்டில் இருப்பது அதுதான் முதல் தடவை.

சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "விழாம பாத்துக்குங்க. விழுந்துட்டா தூக்குங்க."

"இதெல்லாம் சொல்லணுமா?"

"உங்களுக்குச் சொல்லணும்."

மகள் விழுந்தது மனைவி போன கொஞ்ச நேரத்தில். குளிர்பதனப் பெட்டியின் தலைமேல் பிஸ்கட் டப்பா. அதன் கீழே ஒரு நாற்காலி, நாற்காலியின்மேல் ஒரு முக்காலி, முக்காலியின்மேல் மகள், மகளுக்குமேல் நீட்டிய கை. நிருபர் அடுத்த அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தடால் என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து டப்பா உருளும் சத்தம். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்து, ஒயரைச் சுருட்டினார். நெருப்பு விஷயத்தில் பொறுப்பான மனிதர். சுருட்டிய கையோடு போனை எடுத்துக்கொண்டு ஓடினார்.

இந்த இடத்தில் நிருபருக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். முதலில் தரையில் பட்டது இடது கை. உடம்பின் மொத்தப் பாரமும் அந்த மணிக்கட்டின்மேல்தான் இறங்கியது. புருவம் பிறகுதான், அலமாரியின் கைப்பிடியில், போகிற போக்கில் உரசிக்கொண்டு போனது. கையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. புருவத்திலிருந்து கன்னம்வரை சிவப்பாக ஒரு கோடு. இரண்டில் எது படத்துக்கு எடுபடும்? நீங்களே சொல்லுங்கள்.

"ப்பா…"

"வந்துட்டேன், வந்துட்டேன். தொடாதே! நெத்தியைத் தொடாதே!"

அவள் நெற்றியைத் தொடவில்லை. வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குதுப்பா."

"வலிக்கும்டா கண்ணு. அப்பாவுக்குத் தெரியாதா? ஆடாதே, ஆடினா மங்கலா வந்துடும்."

தூரத்தில் ஒன்று எடுத்தார். பார்த்தார். குழந்தைக்குப் பின்னால் நாற்காலியோரம் அழுக்குத் துணிக் குவியல், அதன் உச்சியில் அவருடைய பனியன். இந்தப் படம் குடும்பக் குழுவுக்குப் போகும். குழுவில் அவருடைய அக்கா இருக்கிறார். அக்காவின் கண்ணுக்குக் காயத்துக்கு முன்னால் பனியன்தான் தெரியும். எனவே குவியலை அள்ளிக்கொண்டுபோய்க் குளியலறையில் போட்டுவிட்டு வந்தார். குழந்தையை நகர்த்தக் கூடாது என்பதுதான் விதி; துணிக்கு விதி ஏது? திரும்பி வந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, குனிந்து கீழிருந்து ஒன்று.

குழந்தை உதடு கோணி அழுதுகொண்டே இருந்தாள். அழுகிற முகத்தில் புருவம் ஏறி இறங்கும். ஏறி இறங்குகிற புருவத்தில் காயத்தின் உண்மையான நீளம் தெரியாது.

"கண்ணு, ஒரே ஒரு செகண்டு அழாம இரு. அப்புறம் எவ்வளவு வேணா அழு. சரியா?"

சொன்ன பேச்சு கேட்கிற குழந்தை. அழுகையை விழுங்கினாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது, அவ்வளவுதான். அந்த 'அப்புறம்' எப்போது என்று அப்பா பிறகு சொல்லவே இல்லை. மறந்துவிட்டார்.

அடுத்தது அடிக்கோல். மகளின் பள்ளிப் பையைத் துழாவி, பொம்மை ஒட்டிய அடிக்கோலை எடுத்து நீட்டினார். "இதைப் புருவத்துக்குப் பக்கத்துல பிடி."

"எந்தக் கையாலப்பா?"

எந்தக் கையால்! சேதப் பிரிவின் வரலாற்றில் இதைவிடத் தெளிவாக எந்தச் சாமானும் தன் உடைப்பைத் தானே சொன்னதில்லை. நிருபர் அப்போது அடிக்கோலின் எண்கள் தெளிவாகத் தெரியவில்லையே என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கையாலயாவது பிடிம்மா. சீக்கிரம், ரத்தம் காயுது."

குழந்தை வலது கையை இடது கையிலிருந்து மெல்ல எடுத்து அடிக்கோலை வாங்கிக்கொண்டாள். இடது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப்போல, மடியில் கிடந்தது.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா ஓடி வந்தார். கழுத்தில் அளவு நாடா, ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, மறுகையில் வெள்ளைத் துணி.

"அய்யய்யோ, ரத்தம்! தள்ளுங்க தம்பி!"

"அக்கா, ஒரு நிமிஷம். உங்க நிழல் விழுது."

"என்னது?"

"நிழல். இந்தப் பக்கம் வாங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கேயே நில்லுங்க."

நகர்ந்தாரா இல்லையா? நகர்ந்தார். இதுதான் இந்த இனத்தின் வல்லமை. பதறி ஓடி வந்த மனுஷியை ஒரே சொல்லில் உதவியாளராக மாற்றிவிடும். மேஜை விளக்கை அவர் கையில் கொடுத்து "கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்கக்கா" என்றபோது தூக்கியும் பிடித்தார். ஓரிரு படம் எடுத்து முடித்த பிறகே அக்காவுக்குச் சுயநினைவு வந்தது.

"ஏன் தம்பி, நான் எதுக்கு இங்க விளக்கு பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்?"

விளக்கை வைத்துவிட்டு, அவரை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, துணியை நனைத்துப் புருவத்தைத் துடைத்தார். துடைத்த பின் பார்த்தால் ஒரு சின்னக் கீறல்.

"இவ்வளவுதானா?" என்றார் நிருபர். குரலில் நிம்மதி இருந்தது. அதன் அடியில், வண்டல்போல, கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

"குழந்தை மூஞ்சியே சரியில்ல தம்பி. எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிருங்க. அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன், போறேன்."

"அனுப்பிடறேன்க்கா, படம் இருக்கு."

அனுப்பினார். டாக்டருக்கு இல்லை, குடும்பக் குழுவுக்கு. 'திடீர் விபத்து. யாரும் பதற வேண்டாம். தகவல்கள் தொடரும்.' அதன் கீழே படங்கள், வரிசையாக. பிறகு சோபாவில் சாய்ந்து, பதில்கள் வருவதைப் பார்க்க ஆரம்பித்தார். குளத்தில் பொரி போட்டவன் மீன்களைப் பார்ப்பதுபோல.

பெரியப்பா இரண்டு கைகளைக் கூப்பிய பொம்மையை அனுப்பினார். அவருக்குத் தெரிந்த பொம்மை அது ஒன்றுதான். சாவுக்கும் அதுதான், தேர்வு முடிவுக்கும் அதுதான். நிருபரின் அக்கா, 'முகத்துல தழும்பு விழாம பாத்துக்கோ' என்றார். சித்தி, 'ஜன்னல்ல தொங்கற திரைச்சீலை புதுசா? எங்க வாங்கினீங்க?' என்றார். படத்தைத் திறந்தே பார்க்காத ஓர் அத்தை, 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் தங்கமே' என்று பூங்கொத்து அனுப்ப, அதைப் பார்த்த இரண்டு பேர் தாங்களும் வாழ்த்தினார்கள். மச்சான் கடைசியாக வந்தான்: 'நிருபரின் நேரடி ஒளிபரப்பு! இப்போது ஒரு சின்ன விளம்பர இடைவேளை.'

நிருபர் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். திரைச்சீலை வாங்கிய கடையைச் சொன்னார். பிறந்தநாள் இல்லை என்று விளக்கினார். சோபாவின் மறுகோடியில் மகள் உட்கார்ந்திருந்தாள், அழாமல், அசையாமல், மடியில் கையோடு. எந்த டப்பாவுக்காக விழுந்தாளோ அந்த டப்பா இப்போது அவளுக்குப் பக்கத்திலேயே திறந்து கிடந்தது.

"பிஸ்கட் சாப்பிடு கண்ணு."

"வேணாம்ப்பா."

பிஸ்கட் வேண்டாம் என்று சொல்கிற குழந்தையைப் பார்த்தால் முதல் கூட்டத்தார் செருப்புகூடப் போடாமல் மருத்துவமனைக்கு ஓடுவார்கள். நிருபர் அந்த பிஸ்கட்டைத் தான் தின்றுகொண்டே மச்சானுக்குப் பதில் எழுதினார்.

போன் அடித்தது. மனைவி. கடைசி நிறுத்தத்துக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது. நிருபர் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"என்னங்க, எப்ப விழுந்தா?"

"இப்பத்தான், கொஞ்சம் முன்னாடி. ஒண்ணுமில்ல, சின்னக் கீறல். படம் பாத்தியா? மூணாவதுல நல்லாத் தெரியும்."

"எல்லாத்தையும் பாத்தேன். இடது கைய ஏன் அப்படி வச்சிருக்கா?"

"எந்தப் படத்துல?"

"எல்லாப் படத்துலயும்!"

"இரு, பாக்கறேன்."

பார்த்தார். என்ன பார்த்தார், எப்படிப் பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். படத்தைத் திறந்தார். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினார். புருவத்தைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, கவுனின் பூக்களைத் தாண்டி மணிக்கட்டுக்கு வந்தார். இன்னும் பெரிதாக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை மூக்கருகே கொண்டுபோனார். அந்த மணிக்கட்டு, அசல் மணிக்கட்டு, கை நீட்டினால் தொடும் தூரத்தில், அதே சோபாவில், இருந்தது.

"ஆமா, லேசா வீங்கின மாதிரிதான் தெரியுது. சரியாப் புரியல, நிழல் விழுந்திருக்கு."

"அவ எங்க இருக்கா?"

"இங்கதான். பக்கத்துல."

பச்சை விளக்கில் வண்டி வந்துகொண்டிருக்கும்போது போனைப் பார்த்தபடி சாலையைக் கடக்கிறவனை, பிரேக்கை மிதித்து நிறுத்திய பின் ஓட்டுநர்கள் பார்ப்பார்களே ஒரு பார்வை, அந்தப் பார்வை மறுமுனையிலிருந்து போன் வழியாக வந்து சேர்ந்தது.

"போனக் கீழ வச்சுட்டு, அவளப் பாருங்க."

திரும்பிப் பார்த்தார். மணிக்கட்டு வீங்கி, நேராக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடும் அதற்கடுத்து ஒரு பள்ளமுமாக இருந்தது. ஒரு விரலால் தொட்டார். குழந்தை மூச்சை உள்ளே இழுத்தாள். சத்தம் வரவில்லை. இத்தனை வருடம் கிடங்கில் எது உடைந்து வந்தாலும், உடைத்தது வேறு யாரோ என்கிற நிம்மதி ஒன்று நிருபருக்கு இருந்தது. இப்போது அது இல்லை.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. நான் வண்டிய ஒப்படைச்சுட்டு வந்துடறேன்" என்றது சோபாவில் கிடந்த போன்.

தூக்கினார். வாடகை வண்டி பிடித்தார். வண்டிக்குள் படம் எடுத்தாரா என்று கேட்கிறீர்கள். எடுத்தார். ஒன்றுதான். அவருக்கே தெரியாமல் கை எடுத்துவிட்டது.

டாக்டர் ஓர் இளம்பெண். வரிசையில் நின்ற அத்தனை பேரின் வலியையும் பார்த்துப் பார்த்து இமை கனத்திருந்தது.

"எப்படி விழுந்தா?"

"எல்லாம் இருக்கு டாக்டர்" என்று போனை நீட்டினார் நிருபர். இந்த நாளுக்காகத்தானே இந்த இனம் காத்திருக்கிறது!

டாக்டர் ஒரு படம் தள்ளினார். இன்னொன்று தள்ளினார். மறுபடி முதலாவதுக்கு வந்தார்.

"இதுல பின்னாடி துணி குவிஞ்சு கிடக்கு. அடுத்ததுல காணோமே?"

"அது… எடுத்து வச்சுட்டேன்."

"நடுவுலயா?"

நிருபர் சுவரில் ஒட்டியிருந்த பல் விளக்கும் முறையைக் கவனமாகப் படித்தார்.

"விழுந்ததும் மயக்கம் வந்துச்சா? வாந்தி எடுத்தாளா?"

"அது படத்துல… இல்ல டாக்டர். வந்த மாதிரி தெரியல."

"முதல்ல எது தரையில பட்டுச்சு?"

நிருபர் வாயைத் திறந்தார். நாலு பக்கமும் எடுத்திருந்தார், கிட்டத்தில் எடுத்திருந்தார், அடிக்கோல் வைத்து எடுத்திருந்தார். பதில் எதிலும் இல்லை.

"இது" என்று மகள் தன் இடது கையைப் பார்த்துச் சொன்னாள். யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவள்போல.

எக்ஸ்ரே எடுத்துவந்தார்கள். எலும்பு உடைந்து கொஞ்சம் விலகியிருந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டு, இழுத்து நேராக்கி, மாவுக்கட்டு போட வேண்டும் என்றார் டாக்டர். "ஊசி போட்டாலும் இழுக்கறப்ப பயத்துல துள்ளுவா. துள்ளினா திரும்பவும் விலகிடும், அப்புறம் ஆபரேஷன் வரைக்கும் போகலாம். யாராவது இறுக்கிப் பிடிச்சுக்கணும். அம்மா வந்துட்டாங்களா?"

"வந்துக்கிட்டிருக்காங்க."

"வீக்கம் ஏறுது, காத்திருக்க முடியாது. நீங்க பிடிச்சுக்கறீங்களா?"

"நானா?"

பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஓர் உயரமான எடை பார்க்கும் இயந்திரம் நின்றது. அதற்குக் கைகள் இல்லை.

"அந்த போன வைங்க சார்" என்றார் நர்ஸ். "ரெண்டு கையும் வேணும்."

கட்டில் விளிம்பில் வைத்தார். மேலே ஏறி உட்கார்ந்து மகளை மார்போடு சேர்த்துக்கொண்டார். டாக்டர் சிறிய விரல்களைப் பற்றினார். அப்போது மகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு மெல்லக் கோணியது, கோணாமல் நேரானது, மறுபடி கோணியது.

"இப்ப அழலாமாப்பா?"

நர்ஸுக்கு அது புரியவில்லை. டாக்டருக்கும் புரியவில்லை. புரிய வேண்டிய ஒரே ஒரு ஆளுக்குப் புரிந்தது. வீட்டில் விழுந்ததிலிருந்து இதுவரை, சோபாவிலும் வண்டியிலும் வரிசையிலும், ஒரு குழந்தை அழுகையைக் கையில் பிடித்துக்கொண்டு அனுமதிக்காகக் காத்திருந்திருக்கிறது.

"அழு கண்ணு" என்றார். "எவ்வளவு வேணா அழு."

அழுதாள். அந்த அறையின் கண்ணாடிகள் அதிர்கிறமாதிரி, பக்கத்து அறையில் ஊசிக்குப் பயந்து அழுதுகொண்டிருந்த ஒரு பெரிய மனிதர் வெட்கப்பட்டு நிறுத்துகிறமாதிரி அழுதாள். டாக்டர் இழுத்தார். மகள் துள்ளினாள், துள்ள முடியவில்லை, அப்பா விடவில்லை. அவள் கால் பட்டு போன் கீழே விழுந்து முகம் குப்புறக் கிடந்தது. அங்கே கிடந்தபடியே குழுவின் செய்திகளுக்கெல்லாம் உறுமியது. அவர் குனியவில்லை. உடைந்த சாமான்களை எத்தனையோ கையாண்ட மனிதர்தான். ஆனால் உடைந்த ஒன்று திரும்பத் தன்னை இவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது சேதப் பிரிவில் யாரும் அவருக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை.

"அவ்வளவுதான், எலும்பு உக்காந்துருச்சு. நல்லாப் பிடிச்சுக்கிட்டீங்க" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். இதைக் கேட்டவர்கள் இருவர். ஒருவர் நிருபர். இன்னொருவர் நர்ஸ், அவரும் மாவு குழைக்கப் போய்விட்டார்.

மனைவி சீருடையோடு ஓடி வந்தபோது மாவுக்கட்டு காய்ந்துகொண்டிருந்தது. மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வீடு வரும்வரை கணவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பூட்டாமல் விட்டுப்போன வீட்டில் மச்சானும் நிருபரின் அக்காவும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா திரைச்சீலையை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான்," என்றான் மச்சான், "குழுவுல எல்லாரும் காத்திருக்காங்க. கட்டு போட்ட படத்தையே காணோம்?"

"எடுக்கல."

மச்சான் எழுந்து வந்து நிருபரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

"நான் அவளப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்டா. ரெண்டு கையாலயும்."

"யாரு, நீங்க?"

"நாந்தான். டாக்டரே சொன்னாங்க, நல்லாப் பிடிச்சுக்கிட்டீங்கன்னு."

"போங்க மச்சான். நீங்க பிடிச்சுக்கிட்டிருந்தா, நீங்க பிடிச்சுக்கிட்டிருந்ததப் படம் பிடிக்கறதுக்கு இன்னொருத்தர ஏற்பாடு பண்ணியிருப்பீங்களே!"

அக்கா சிரித்தார். "உண்மையச் சொல்லுடா. வாசல்ல நின்னுதான பாத்தே?"

நிருபர் மகளிடம் முறையிட்டார். "கண்ணு, நீ சொல்லு. அப்பாதான உன்னப் பிடிச்சுக்கிட்டேன்?"

அரைத் தூக்கத்திலிருந்த மகள் யோசித்தாள். பொய் சொல்லாத குழந்தை. "தெரியலப்பா. நான் கண்ண மூடிக்கிட்டேன்."

மச்சான் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தான். நிருபர் நின்றார். விழுந்தது, நசுங்கியது, உரிந்தது என்று எல்லாவற்றுக்கும் சாட்சி வைத்திருந்தவரிடம், ஆயுளில் உருப்படியாகச் செய்த ஒன்றுக்குச் சாட்சி இல்லை. மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. மற்ற யார் நம்பாவிட்டாலும் போகட்டும். காலையில் வாசலில் நின்று "விழுந்துட்டா தூக்குங்க" என்றவள் நம்ப வேண்டுமே!

மகளைப் படுக்க வைத்துவிட்டு வந்த மனைவி, குளியலறைப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"சட்டையக் கழட்டிக் குடுங்க. துவைக்கப் போடணும்."

கழற்றிக் கொடுத்தார். அங்கே காலையில் அள்ளிப் போட்ட துணிக் குவியல் அப்படியே கிடந்தது. அதற்கு ஒரு திட்டு காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மனைவி வாளியில் தண்ணீர் நிறைய விட்டு, சட்டையை உதறி விரித்தாள். அப்படியே நின்றாள்.

மார்புப் பக்கம், இதயத்துக்கு நேராக, ஒரு கறை. கண்ணீரும் மூக்குச்சளியும் எச்சிலும் புருவத்திலிருந்து ஒற்றிய கொஞ்சம் சிவப்பும் சேர்ந்து, காய்ந்தும் காயாமலும், ஒரு சின்ன முகத்தின் அளவுக்கு. முகத்தை எந்த இடத்தில் புதைத்தாள், வாயை எவ்வளவு பெரிதாகத் திறந்தாள் என்றுகூடத் தெரிந்தது. முதுகுப் பக்கம் திருப்பினாள். அங்கே துணி கசங்கி, ஐந்து விரல் இறுக்கிப் பற்றிய சுருக்கங்கள். வலது கை விரல்கள்.

காலையில் வந்த படங்களில் எதையும் அவள் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டாள்.

"நாளைக்கும் எனக்கு வேலை இருக்கு" என்றாள், சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாத்துக்குவீங்கல்ல?"

"ம்" என்றார் நிருபர்.

கூடத்தில் மச்சான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு குரல் கொடுத்து அவனைக் கூப்பிட்டால் போதும். வந்து பார்த்து வாயை மூடிக்கொள்வான். நிருபரின் வாய் திறந்ததும் உண்மை. அதற்குள் மனைவி சட்டையை வாளிக்குள் அமுக்கிவிட்டாள். தண்ணீர் கொஞ்சம் கலங்கியது. அவ்வளவுதான், அந்த முகம் போயிற்று.

நிருபர் வெறும் மார்போடு போய் மகளின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். இந்த இனம் அவ்வளவு சுலபமாகத் திருந்துவதில்லை. மாவுக்கட்டின்மேல் மகள் பூனை வரையும்போது அவர் சும்மா இருப்பார் என்று நம்பிக்கையில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இவ்வளவு நேரம் நிருபரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, நல்ல வேளை நான் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று காலாட்டிக்கொண்டு படித்துவந்தீர்களே, அந்தச் சட்டை வாளிக்குள் இறங்கியபோது, 'அடடா, நனைக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படம் எடுத்திருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? வெட்கப்படாமல் சொல்லுங்கள். இங்கே யாரும் படம் எடுக்கவில்லை.